கடிகாரத்துக்குள் மகரந்தம்

பூந்தின்னி என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் பள்ளிக்கூட வேலியோரம் நின்று செம்பருத்தியை இதழ் இதழாகத் தின்றுகொண்டிருந்தவளைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துவந்து, "அம்மா, இவ ஆடு மாதிரி மேயறா" என்று காட்டிக்கொடுத்தான். அன்று ஒட்டிக்கொண்ட பெயர், தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் உரியவில்லை. சட்டை தைக்கும் கடையில் மட்டும் அவளுக்கு வேறு பெயர் உண்டு: காஜாக்காரம்மா. பட்டன் நுழைகிற துளையைச் சுற்றிக் கையால் நூல் கட்டுவதுதான் காஜா. ஒரு தையல் தள்ளிப்போனாலும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார், அவள் நூலைப் பார்ப்பாள்.

மேயும் பழக்கமும் அப்படித்தான், தையல் தையலாக வளர்ந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. நாக்கும் வயிறும் சொல்லித்தந்தன. பெயர் உறுதியாகத் தெரியாத பூ வாய்க்குள் போகக் கூடாது. தெரிந்த பூவானாலும் முதல் நாள் ஓர் இதழ் மட்டும், உடம்பு என்ன சொல்கிறது என்று மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய பூங்கொத்து கண்ணுக்கு மட்டும். அதில் என்ன மருந்து அடித்தார்களோ, யார் கண்டது. சாலையோரப் பூ வண்டிப் புகைக்குச் சொந்தம். அரளி இருக்கிற திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது. ரோஜா இதழின் அடியில் வெள்ளையாக ஒரு நகம் இருக்கும், கசக்கும், கத்தரித்துவிட வேண்டும். சாமந்திக்கும் அப்படியே. செம்பருத்தியில் நடுத்தண்டை உருவிவிட்டு இதழை மட்டும் எடுத்தால் வழவழப்பு கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது, போகவும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி. மூடியிருக்கும் பூசணிப்பூவைக் காதில் வைத்துக் கேட்காமல் அடுப்படிக்குள் விடக் கூடாது. பூசணிப்பூ விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். கடைசிச் சொட்டு தேனுக்கு ஆசைப்பட்ட தேனீ சில சமயம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஒருமுறை அது தெரியாமல் விரலை விட்டுவிட்டாள். ஊசி பிடிக்கிற விரல் கத்தரிக்காய் போல வீங்கி, அந்த வாரச் சட்டைகளெல்லாம் பட்டன் போட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு தொங்கின. அதிலிருந்து இந்தப் பழக்கம். காதில் பூ வைத்தவரை ஏமாளி என்பார்கள். அவள் ஏமாறாமல் இருப்பதற்காக வைத்தாள்.

தோட்டம் மொட்டைமாடியில். ஓட்டை விழுந்த பெயின்ட் வாளி, கைப்பிடி போன அண்டா, யாரோ தூக்கிப்போட்ட வாஷ்பேசின், எதையும் விடவில்லை. அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி கற்றுக்கொடுப்பவன். பழைய டயரெல்லாம் அவன் உபயம். சங்குப்பூ கைப்பிடிச் சுவரில் ஏறியிருந்தது. நர்சரிக்காரர் வாயில் நுழையாத பெயர் சொல்லிக் கொடுத்த ஆரஞ்சுப் பூ ஒன்று, மென்றால் மூக்கு வரை காரம் ஏறும், அதற்கு மிளகுப்பூ என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். பூசணிக்கொடிக்கு மட்டும் மாடியில் பாதி. தினமும் விடியலில் ஒரு சின்ன பிரஷ்ஷால் ஆண் பூவின் மகரந்தத்தைத் தொட்டுப் பெண் பூவில் வைப்பாள். காம்பு நீளமாக, வெறுமனே நிற்பது ஆண். அடியில் குட்டிக்காயைச் சுமந்துகொண்டிருப்பது பெண். சமையலுக்கு ஆண் பூ மட்டும்.

"வேலை செய்யறது பொம்பளை, வெட்டியா நிக்கிறது ஆம்பளை. அதான் அதைப் பொரிச்சுத் திங்கறோம்" என்பாள் அண்ணி. அண்ணன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வான்.

இந்த மகரந்தம்தான் அவள் கைக்கடிகாரத்தை நிறுத்தியது.

தெருமுனையில் இரண்டு கடைகளுக்கு நடுவே செருகிவைத்தாற்போல வாட்ச் ரிப்பேர் கடை. வாட்ச்காரர் ஐம்பதை எட்டிப்பிடிக்கப் போகிறவர், பேச்சில் சிக்கனம். அவள் நீட்டிய கடிகாரத்தைத் திறப்பதற்கு முன்னால் காதில் வைத்து, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பூந்தின்னிக்கு உள்ளே ஏதோ தடுக்கிவிட்டது. உலகத்தில் தன்னைத் தவிர இன்னொரு ஆளும் ஒரு பொருளை இப்படிக் கேட்பார் என்று அவள் நினைத்ததே இல்லை.

பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மஞ்சள் அரைக்கிற மில்லுல வேலையா?"

"இல்லை. அது பூசணிப்பூ மகரந்தம். காலைல பூவுக்கு வச்சுவிடுவேன்."

"அதுக்குத்தானே தேனீ இருக்கு?"

"இருக்கு. அதுங்க கொஞ்சம் அசட்டை. நடுவுல ஒரு பூவை விட்டுடும். நான் விட மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "நானும் அப்படித்தான்" என்றார்.

ஸ்பேர் வர வேண்டும் என்று சொல்லி இரண்டு வாரம் கழித்துக் கடிகாரம் சரியாகி வந்தது. மறுபடி நின்றது. இந்தத் தடவை அவர், "புது ரப்பர் வாஷர் போட்டுட்டேன். இனிமே தூசி உள்ள போக வழியே கிடையாது" என்று பெருமையாகச் சொன்னார். அவளுக்கு அழுகை வராத குறை. ரிப்பேரே ஆகாத வாட்ச்சை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்?

ஆனாலும் கொஞ்ச நாளில் அது மூன்றாவது முறையாக நின்றது.

"எப்படி நின்னுது?" என்றாள் அண்ணி.

"நின்னுடுச்சு."

"கழட்டி வச்சுட்டுப் பூவைத் தொடக் கூடாதா?"

"கூடாது" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். அண்ணி பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்பவள். வலியே இல்லாமல் வந்து நிற்பவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள்.

மூன்றாவது ரிப்பேரின்போதுதான் வாட்ச்காரர் கேட்டார், "பூசணிப்பூ சாப்பிட்டா எப்படி இருக்கும்?"

"சாப்பிட்டாத்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்களேன்."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அக்காவையும் கூட்டிட்டு வரலாமா? எனக்கு எல்லாமே அக்காதான். ஆஸ்பத்திரில நர்ஸ். அவ சரின்னா, நான் எதுக்கும் ரெடி."

எதுக்கும். அந்த ஒரு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு பூந்தின்னி கடையை விட்டு இறங்கினாள். சொந்தத் தெருவைத் தாண்டி, அடுத்த தெருவையும் தாண்டி, தபால் நிலையத்து வாசலில் போய் நின்ற பிறகுதான் வீடு பின்னால் இருப்பது நினைவுக்கு வந்தது.

அண்ணிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சமையல் பற்றித்தான் பேச்சு வந்தது.

"இந்த ஒரு நாளைக்கு மட்டும் பூவே வேண்டாம், சொல்லிட்டேன்" என்றாள் அண்ணி. "முன்னாடி அந்த இன்சூரன்ஸ்காரர் பொண்ணு பாக்க வந்தப்ப என்ன ஆச்சு? சோத்துல இருந்த சாமந்தியை ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தட்டு ஓரத்துல வரிசையா வச்சுட்டுப் போனாரே, அப்புறம் போன் வந்துதா?"

"அவர் பொறுக்கினப்பவே எனக்கும் போன் வேண்டாம்னு ஆயிடுச்சு அண்ணி."

"இவர் வேணும்ல?"

பூந்தின்னி விரலில் ஒரு நூலைச் சுற்றினாள், பிரித்தாள். "வேணும்" என்றாள். சொன்ன பிறகு காது வரை சூடு ஏறியது. "அதனாலதான். பூ இல்லாம சமைச்சா வேற யாரோ சமைச்ச மாதிரி இருக்கும். அவரும் வேற யாரையோ கட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"நர்ஸ் அக்கா எழுந்து போயிட்டா?"

"போனா போகட்டும்" என்று வீராப்பாகச் சொன்னாள். அன்று முழுக்கக் காஜா எல்லாம் கோணலாக விழுந்தது. பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

சனிக்கிழமை மதியம் அவள் கடையில் இருந்த நேரம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்த அண்ணனுக்குத் தங்கைமேல் திடீர்ப் பாசம் பொங்கியது. மழை அடித்தால் நாளைக்கு ஒரு பூ மிஞ்சாது என்று மாடிக்கு ஓடி, காம்பு நீளமானதாகப் பார்த்து, மூடிக்கிடந்த ஆண் பூவையெல்லாம் ஒரு கூடை பறித்துவந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டான். மழையும் சொன்ன சொல் தவறாமல் வந்து மாடியைத் துவைத்துக் காயப்போடாமல் போனது. ஞாயிறு காலை கொடியில் விரியக் காத்திருந்த மொட்டெல்லாம் சேற்றோடு சேறாகக் கிடந்தன.

"யாருடா பறிக்கச் சொன்னது" என்று முந்தின நாளாக இருந்தால் கேட்டிருப்பாள். இன்று ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நீ நல்லா இருப்ப" என்றாள். அவன் பயந்தே போனான். அவள் வாயிலிருந்து அப்படி ஒன்றை அவன் கேட்டதே இல்லை.

இதுவரை அவள் பூவை ஃப்ரிட்ஜில் வைத்ததில்லை. பறித்த சூட்டோடு சமைத்துத்தான் பழக்கம். இருந்தாலும் விதியை மீறவில்லை. ஜில்லென்று இருந்த ஒவ்வொரு பூவையும் எடுத்துக் காதில் வைத்தாள். எல்லாம் பரம அமைதி. மேலாக இருந்த பூக்களைப் பிரித்து, நடுத்தண்டை எடுத்து, உருளைக்கிழங்கும் சீஸும் அடைத்து, மாவில் தோய்த்துப் பொரிக்க வைத்தாள். கூடையின் அடியில் நசுங்காமல், கூம்பிய நிலையில் தீபச்சுடர் போல இருந்த எட்டைப் பிரிக்க மனம் வரவில்லை. அப்படியே பெரிய தட்டைச் சுற்றி அலங்காரமாக அடுக்கினாள். நடுவில் சாமந்தி இதழ் தூவிய சுடுசோறு வர வேண்டும்.

வாட்ச்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மேல் பட்டன் துளை மெஷின் காஜா, அதுவும் பிரிந்துகொண்டிருந்தது. பூந்தின்னிக்கு அதைக் கழற்றச் சொல்லி அப்போதே சரிசெய்ய வேண்டும்போல் கை ஊறியது, சொல்லவில்லை. நர்ஸ் அக்கா உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மேஜையை ஒரு பார்வை பார்த்தார், வார்டுக்குள் நுழைகிற பார்வை.

"இதெல்லாம் திங்கற பூவா?"

"ஆமாங்க்கா."

"திங்கக் கூடாதது எது? மாடில எது இருக்கு?"

"ஒண்ணும் இல்லைக்கா. பக்கத்து மாடில அரளி வச்சிருந்தாங்க. எங்க தொட்டில பறிக்கிற கை தப்பி அங்க போயிடுமேன்னு கெஞ்சிக் கூத்தாடி, ரோஜாத் தொட்டி ரெண்டு குடுத்து, அதை எடுக்க வச்சேன்."

நர்ஸ் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். "அரளிக் கொட்டை தின்னவங்களை நான் பாத்திருக்கேன். அதான் கேட்டேன், தப்பா நினைக்காதே."

"கேக்காம சாப்பிடறவங்களைத்தான் எனக்குப் பயம்."

"இதெல்லாம் மருந்தும்பாங்களே? ரோஜா சாப்பிட்டா அது போகும், சங்குப்பூ குடிச்சா இது போகும்னு?"

"ரோஜாவைத் தேன்ல ஊறவச்சு வாய்ல அடக்கிக்கிட்டாத் தொண்டைக்கு இதமா இருக்கும். ஜுரம் போகுமான்னு கேட்டா உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வருவேன்."

அக்காவின் முகத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அண்ணி அந்த நேரம் பார்த்து நீல நிறத்தில் சங்குப்பூத் தண்ணீர் கொண்டுவந்து, எலுமிச்சை பிழியச் சொன்னாள். பிழிந்ததும் டம்ளருக்குள் நீலம் ஊதாவாக மாறியது. "லிட்மஸ் பேப்பர் மாதிரி" என்று அக்கா இன்னொரு டம்ளரிலும் பிழிந்தார். பிறகு தம்பியின் டம்ளரிலும், அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே.

எல்லாம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பூந்தின்னி ஆவி பறக்கும் சோற்றைத் தட்டின் நடுவில் கொட்டினாள். பொரித்த பூவை ஒரு கடி கடித்த வாட்ச்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது எங்கோ ர்ர்ர் என்றது.

அண்ணன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தான். "என் போன் இல்லை." அண்ணி தன் போனைத் திருப்பிப் பார்த்தாள். நர்ஸ் அக்கா, "ஆஸ்பத்திரில டூட்டிக்குக் கூப்பிடறாங்களா இருக்கும்" என்று கைப்பையைக் கவிழ்த்தார். அதுவும் இல்லை. ர்ர்ர். இந்தத் தடவை இரண்டு சுருதியில். "ஃப்ரிட்ஜ்தாங்க, கம்ப்ரசர் போயிடுச்சு" என்றாள் அண்ணி.

பூந்தின்னி மட்டும் எங்கேயும் தேடவில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு பூசணிப்பூ, காற்றே இல்லாத அறையில், தலையை ஆட்டுவதை அவள் பார்த்துவிட்டாள். அடுத்த பூவும் ஆட்டியது.

எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சத்தம் இல்லாததால் தேனீ இல்லை என்று அர்த்தமில்லை. குளிரில் விறைத்துக் கிடந்திருக்கின்றன. சோற்றுச் சூட்டில் எழுந்துவிட்டன. ஆயுசு முழுக்கக் கட்டிக்காத்த விதி, ஆயுசில் ஒரே ஒரு நாள் தேவைப்பட்ட நேரத்தில் காலை வாரிவிட்டது. எதிரே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருக்கிறார்.

"யாரும் அசையாதீங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "பூவுக்குள்ள தேனீ இருக்கு."

மேஜைக்குக் கீழே அண்ணனின் வலதுகால் இல்லாத பிரேக்கைத் தரையோடு அழுத்தியது. அண்ணி கரண்டியை வாளாகப் பிடித்தாள். நர்ஸ் அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். எழுந்தே விட்டார். பூந்தின்னிக்கு இன்சூரன்ஸ்காரரின் தட்டு நினைவுக்கு வந்தது. அதைவிடச் சுத்தமாக இந்த வீட்டை விட்டு யாரும் போய்விட முடியாது என்று நினைத்திருந்தாளே.

வாட்ச்காரர் குனிந்தார். ஆடிக்கொண்டிருந்த பூவின் வாயை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக் காம்போடு தூக்கி, காதில் வைத்து, கண்ணை மூடினார்.

"ஓடுது" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "கொஞ்சம் ஃபாஸ்ட்."

முதலில் சிரித்தது நர்ஸ் அக்காதான். சாதாரணச் சிரிப்பு இல்லை. வார்டில் எத்தனையோ வருஷமாக அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வந்த மாதிரி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஃபாஸ்டாம், ஃபாஸ்டு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, எதுல இருக்கு, எதுல இல்லைன்னு பிரிக்கணும். ஆளுக்கு ஒண்ணு எடுங்க. வாயை இறுக்கிப் பிடிங்க" என்று உத்தரவு போட்டார்.

அந்த நேரத்தில் யாராவது அந்த வீட்டுக் கதவைத் திறந்திருந்தால், வயது வந்த ஐந்து பேர் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு பூசணிப்பூவைக் காதில் வைத்துக்கொண்டு, மும்முரமாக எதையோ கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

"இதுல இல்லை" என்றாள் அண்ணி.

"என் பூவுல ரெண்டு இருக்குன்னு நினைக்கிறேன். சண்டை போட்டுக்குது" என்றான் அண்ணன். அவன் கால் இன்னும் பிரேக்கில்தான் இருந்தது.

"இதுல ஒண்ணும் கேக்கலை. இரு. இருக்கு, இருக்கு" என்றார் நர்ஸ் அக்கா. "நாடி கொஞ்சம் மெதுவா இருக்கு. சோத்துப்பக்கம் காட்டு, தெளிஞ்சுடும்."

ஜன்னலைத் திறந்தார்கள். வாட்ச்காரர் சட்டைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்து இதழைப் பிடித்துக்கொள்ள, பூந்தின்னி நூல் வெட்டும் கத்தரியால் நுனியைக் கத்தரித்தாள். ஓர் இடுக்கி, ஒரு கத்தரி, நடுவில் ஒரு பூ. தேனீ தூங்கி எழுந்த முகத்தோடு விளிம்பில் நின்று, காலைத் துடைத்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பறந்தது. அடுத்த பூ. ஒன்று மட்டும் அவர் சட்டைக் காஜாவில் போய் உட்கார்ந்து, தையல் சரியில்லை என்று கண்டுகொண்டது போல உடனே கிளம்பிவிட்டது. தேனீயின் உடம்பெல்லாம் மஞ்சள் தூள். அவர் மணிக்கட்டிலும் தூள், அவள் மூக்கிலும் தூள்.

ஆறிய சோற்றை மறுபடி சூடுபண்ணிச் சாப்பிட்டார்கள். நர்ஸ் அக்கா பொரித்த பூவைத் தன் தட்டுக்குத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் காதில் வைத்துப் பார்த்தார். எண்ணெயில் குளித்துவந்த பூ என்று அண்ணி சொல்லியும் கேட்கவில்லை.

ரோஜாத் தேனைக் கிண்ணத்தில் விட்டுக்கொண்டே வாட்ச்காரர் மெதுவாகச் சொன்னார், "ஒரு சந்தேகம். ரெண்டாவது தடவை புது வாஷர் போட்டேன். இழுத்துப் பாத்தாலும் வராது. மூணாவது தடவை மகரந்தம் எப்படி உள்ள போச்சுன்னு மட்டும் எனக்குப் புரியவே இல்லை."

பூந்தின்னி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மெல்வதை நிறுத்தினான்.

"பின்மூடியை நெம்பித் திறந்து," என்றாள், "பிரஷ்ஷால வச்சேன்."

அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டாள். வாட்ச்காரர் ஒரு கரண்டி ரோஜாத் தேனை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். "பரவாயில்லை" என்றார். "சுத்தம் பண்றது அரைமணி நேர வேலைதான். நானும் ஸ்பேர் வரலை, ஸ்பேர் வரலைன்னு ரெண்டு வாரம் இழுத்தேன். அதுக்கு ஸ்பேரே கிடையாது."

எல்லோரும் நர்ஸ் அக்காவைத்தான் பார்த்தார்கள். அவர் தட்டில் மிச்சமிருந்த ஒரு சாமந்தி இதழை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கல்யாணச் சாப்பாடும் நீயேதான் சமைக்கப் போறியா?"

பூந்தின்னி கரண்டியைக் கீழே வைத்தாள். தலையை ஆட்டினாள், தட்டில் ஆடின பூவைப் போல.

"ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதே" என்றார் அக்கா.